மடகாஸ்கர் பன்றிமூக்குப் பாம்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மடகாஸ்கரின் காடுகளுக்குச் சென்று வருபவர்கள் எடுக்கும் படங்களில் பளபளப்பான கருப்பும் மஞ்சளும் கலந்த தடித்த பாம்பு ஒன்று அடிக்கடி இடம்பெறும். மூக்கு நுனி சற்றே மேல்நோக்கித் தூக்கியிருக்கும் அந்தப் பாம்பைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டது குறைவு. இருக்கும் சில குறிப்புகளிலும் அதை அமெரிக்கப் பன்றிமூக்குப் பாம்போடு குழப்பிக்கொள்வது வழக்கமாகவே இருக்கிறது. வாசகர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளை எடுத்துக்கொண்டு, அந்தக் குழப்பத்தையும் சேர்த்தே இங்கே தீர்த்துக்கொள்ளலாம்.

இது எந்தப் பாம்பு? எத்தனை இனங்கள் உள்ளன?

லியோஹெடிரோடான் என்னும் பேரினத்தில் மூன்று இனங்கள் உள்ளன. அவற்றுள் பெரியதும் பரவலாகக் காணப்படுவதும் லியோஹெடிரோடான் மடகாஸ்கேரியென்சிஸ். இந்தப் பக்கத்தில் 'பன்றிமூக்குப் பாம்பு' என்று மட்டும் சொல்லும் இடங்களில் இதையே குறிப்பிடுகிறோம். பிரெஞ்சு விலங்கியலாளர்களான துமெரிலும் பிப்ரோனும் எழுதிய பெருநூலில் 1854-ஆம் ஆண்டு இது முதன்முதலாக விவரிக்கப்பட்டது. மற்ற இரண்டில், சீரான வெளிர்பழுப்பு நிறமுடைய மாடெஸ்டஸ் இனத்தை 1863-இல் குந்தரும், உடலெங்கும் புள்ளி தெறித்தாற்போல் இருக்கும் ஜீயாயி இனத்தை 1905-இல் மொக்காரும் விவரித்தார்கள். ஜீயாயி தீவின் தெற்கு, தென்மேற்குப் பகுதிகளின் வறண்ட நிலத்துக்கு உரியது.

பார்த்தவுடன் எப்படி அடையாளம் காண்பது?

வளர்ந்த பாம்பு ஒரு மீட்டரைத் தாண்டும். ஒன்றரை மீட்டர் நீளமுள்ளவையும் உண்டு. உடல் உருண்டு திரண்டது, செதில்கள் வழவழப்பானவை. முதுகு கருப்பாகவோ கரும்பழுப்பாகவோ இருக்க, அதன் மேல் மஞ்சள் திட்டுகள் வரிசையாக அமைந்து, பக்கவாட்டில் கட்டம் போட்ட துணியின் தோற்றத்தைத் தரும். அடிவயிறு மஞ்சள். கண் பெரியது, கருமையானது, பாப்பா வட்டமானது. பகலில் பார்வையை நம்பி நடமாடும் பாம்புக்குரிய கண் அது. இவை எல்லாவற்றையும் விட உறுதியான அடையாளம் மூக்கு நுனியில் உள்ள செதில்தான். மற்றப் பாம்புகளில் தட்டையாக முகத்தோடு ஒட்டியிருக்கும் அந்தச் செதில், இதில் தடித்து, முனை கூர்ந்து, மேல்நோக்கி வளைந்திருக்கும்.

அமெரிக்கப் பன்றிமூக்குப் பாம்புக்கு இது உறவா?

நெருங்கிய உறவு இல்லை. 1854-இல் இதை விவரித்தவர்களே மூக்கின் ஒற்றுமையைப் பார்த்து அமெரிக்கப் பாம்புகளின் ஹெடிரோடான் பேரினத்தில்தான் இதையும் சேர்த்தார்கள் என்பதால், இந்தக் குழப்பத்துக்கு வயது நூற்றைம்பதுக்கு மேல். இன்றைய மரபணு வகைப்பாட்டின்படி, வட அமெரிக்க ஹெடிரோடான் இனங்கள் புதிய உலகத்துப் பாம்புகளான டிப்சாடிடே குழுவைச் சேர்ந்தவை. மடகாஸ்கர் பாம்பு ஆப்பிரிக்க மூலத்தையுடைய சூடோக்சிரோஃபிடே குடும்பத்தைச் சேர்ந்தது. தென் அமெரிக்காவிலும் இதே மூக்கோடு வேறொரு பாம்புக் கூட்டம் உண்டு. மண்ணைக் கிளறி உணவு தேடும் பிழைப்பு வெவ்வேறு கண்டங்களில் வெவ்வேறு வமிசங்களை ஒரே வடிவ மூக்குக்குக் கொண்டுசென்றிருக்கிறது. ஒருங்கிணையும் பரிணாமத்துக்குப் பாடநூல்கள் சுறாவையும் டால்ஃபினையும் காட்டுகின்றன. என் கருத்தில் இந்தப் பாம்புகள் அதைவிட நல்ல சான்று, ஏனெனில் இங்கே மாறியது ஒரே ஒரு செதில், அது செய்யும் வேலையும் கண்முன்னே தெரிகிறது.

உருவம் ஒத்திருப்பதால் உள்ளுறுப்புகளும் உடல் வேதியியலும் ஒத்திருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. கடைசிக் கேள்வியில் வரும் தேரை விவகாரத்தில் அந்த வேறுபாடு பெரிதாகிறது.

தீவுக்கு இந்தப் பாம்பின் முன்னோர் எப்படி வந்தனர்?

மடகாஸ்கர் ஆப்பிரிக்காவிலிருந்து ஏறத்தாழ 16 கோடி ஆண்டுகளுக்கு முன்பும், இந்திய நிலத்தட்டிலிருந்து ஏறத்தாழ 8.8 கோடி ஆண்டுகளுக்கு முன்பும் பிரிந்தது. சூடோக்சிரோஃபிடே குடும்பம் அதற்கெல்லாம் வெகுகாலம் பிறகு தோன்றியது. ஆகவே, இதன் முன்னோர் நிலவழியாக நடந்து வந்திருக்க வழியில்லை. ஏறக்குறைய 400 கிலோமீட்டர் அகலமுள்ள மொசாம்பிக் கால்வாயை, வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்ட மரங்களிலும் செடிகொடித் திரள்களிலும் தொற்றிக்கொண்டு கடந்து கரையேறியவற்றின் வழித்தோன்றல்களே இன்று தீவின் பாம்புகளில் மிகப் பெரும்பான்மையாக இருக்கின்றன. தீவில் நூறளவில் பாம்பினங்கள் உள்ளன. நிலத்தில் வாழும் நாகங்களோ விரியன்களோ அவற்றில் ஒன்றுகூட இல்லை. முன்பக்க நச்சுப்பல் உள்ள பாம்பைப் பார்க்க வேண்டுமானால் கடலுக்குத்தான் போக வேண்டும். அங்கே மஞ்சள் வயிற்றுக் கடற்பாம்பு உண்டு.

அந்த மூக்கால் உண்மையில் என்ன செய்கிறது?

மண்ணுக்குள் ஒளிந்திருப்பதைத் தோண்டி எடுக்கிறது, சிறப்பாகப் பல்லியினங்களின் முட்டைகளை. இதை நன்றாகக் கவனிக்க முடிந்த இடம் தீவின் வடமேற்கில் உள்ள அங்கராஃபன்ட்சிகா தேசியப் பூங்கா. அதற்குள் அமைந்த அம்பிஜொரோவா ஆய்வுப் பகுதியில் ஜப்பானிய, மலகாசி ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் ஊர்வனவற்றைப் பின்தொடர்ந்து ஆராய்ந்திருக்கிறார்கள்.

அந்த வறண்ட இலையுதிர் காட்டில் ஒப்லூரஸ் குவியேரி என்னும் பல்லி வாழ்கிறது. கழுத்தில் கருப்புப் பட்டையும், முட்செதில்கள் வளையம் வளையமாக அடுக்கிய வாலும் கொண்ட இந்தப் பல்லி வாழ்நாளின் பெரும்பகுதியை மரத்தண்டில்தான் கழிக்கிறது. மழைக்காலம் தொடங்கி மண் இளகியவுடன் பெண் பல்லி தரையிறங்கி, வெயில்படும் திறந்த மணற்பாங்கான இடத்தில் குழி தோண்டி, நான்கு முட்டை அளவில் இட்டு, குழியை மூடிவிட்டு மரத்துக்குத் திரும்புகிறது. முட்டையிட ஏற்ற திறந்த வெளி காட்டுக்குள் குறைவு என்பதால் பல பல்லிகள் ஒரே இடத்தை நாடி வருகின்றன. அப்படிப்பட்ட இடங்களுக்குத்தான் பன்றிமூக்குப் பாம்பும் வருகிறது.

அதன் வேலை நிதானமானது. தலையைத் தரையோடு தரையாக வைத்து, நாக்கை நீட்டி நீட்டி மண்ணைத் தொட்டுக்கொண்டு மெல்ல ஊர்கிறது. நாக்கு கொண்டுவரும் மணத்துகள்களை மேலண்ணத்தில் உள்ள ஜேக்கப்சன் உறுப்பு பகுத்தறிகிறது. மணம் திடமாகத் தெரிந்த இடத்தில் நின்று, மூக்கு நுனியை மணலில் செருகி, தலையைப் பக்கவாட்டில் அசைத்து மண்ணைத் தள்ளுகிறது. பிறகு கழுத்தை வளைத்து, தளர்ந்த மணலை வெளியே இழுத்துப்போடுகிறது. களைக்கொத்தின் அலகு செய்யும் வேலையை அந்த ஒற்றைச் செதில் செய்கிறது. தலை முழுவதும் மண்ணுக்குள் மறைந்த நிலையிலும் தோண்டல் நிற்பதில்லை. முட்டை தட்டுப்பட்டதும் ஒவ்வொன்றாக முழுதாக விழுங்குகிறது. பெரும்பாலான பல்லி முட்டைகளின் ஓடு தோல் போல நெகிழ்வானது என்பதால் அதை உடைக்க வேண்டிய தேவை எழுவதில்லை.

மரத்தில் வாழும் பல்லி, தரையில் வாழும் பாம்பு என்று வேறு வேறு தளங்களில் பிழைக்கும் இரண்டும் ஆண்டில் சில வாரங்கள் மட்டும் மணலில் சந்தித்துக்கொள்கின்றன. அந்தச் சில வாரங்களின் மழைப்பொழிவு எப்படி அமைகிறதோ அதைப் பொறுத்து ஒன்றின் குஞ்சுகளின் எண்ணிக்கையும் மற்றதன் வயிறும் மாறுகின்றன. இந்தப் பாம்பைப் பற்றி ஒன்றை மட்டும் நேரில் பார்க்க வாய்க்குமென்றால், நான் இதையே தேர்ந்தெடுப்பேன்.

முட்டையைத் தவிர வேறு என்ன தின்னும்?

கிடைப்பதைத் தின்னும். தவளைகள், பல்லிகள், பச்சோந்திகள், சிறு பறவைகள், எலிகள் ஆகியன அதன் உணவுப் பட்டியலில் உள்ளன. மனிதர்களோடு கப்பலேறி வந்த எலிகளையும் விடுவதில்லை என்பதால், ஊரோரங்களிலும் வயல்களிலும் இது நடமாடுவது உழவருக்கு உதவிதான்.

நஞ்சற்றது என்கிறார்களே, அது முழு உண்மையா?

மனிதருக்குத் தீங்கற்றது என்பது நடைமுறையில் சரி. நஞ்சே இல்லை என்பது சரியல்ல. இதன் மேல்தாடையின் பின்பகுதியில் மற்றவற்றை விடப் பெரிய பற்கள் உள்ளன. அவற்றை ஒட்டிய சுரப்பி ஒன்று வீரியம் குறைந்த நஞ்சைச் சுரக்கிறது. நாகத்தைப் போலவோ விரியனைப் போலவோ கொத்தியவுடன் நஞ்சைச் செலுத்தும் ஏற்பாடு இதற்கு இல்லை. வாய்க்குள் சிக்கிய இரையைக் கடித்துக்கொண்டே பின்பற்கள் வரை நகர்த்தும்போதுதான் அது பயன்படுகிறது. நம் ஊரில் வேலியோரம் காணும் பச்சைப்பாம்பும் இதே வகையில் பின்பக்க நச்சுப்பல் உள்ளதுதான்.

கையில் பிடித்து விளையாடி, அது நன்றாகக் கவ்விக்கொள்ளும் வரை விட்டவர்களுக்கு வலியும் வீக்கமும், வழக்கத்தைவிட நேரம் எடுத்து நிற்கும் இரத்தக்கசிவும் ஏற்பட்டிருக்கின்றன. உயிருக்கு ஆபத்து இல்லை என்றாலும், கடிபட்டால் மோதிரம், வளையல்களைக் கழற்றிவிட்டு, காயத்தைச் சோப்பும் நீரும் கொண்டு கழுவி, கட்டுப்போடாமலும் கீறாமலும் விட்டு, வீக்கம் பரவினாலோ இரத்தம் நிற்காவிட்டாலோ மருத்துவரைப் பார்ப்பதே முறை. ஒவ்வாமை உள்ளவர்களுக்கு எந்தப் பாம்பின் எச்சிலும் வேறு விதமாக வேலை செய்யலாம் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

படமெடுக்குமா? செத்ததுபோல் நடிக்குமா?

முதலாவது, ஒரு வகையில், ஆம். சீண்டப்பட்டால் கழுத்தைத் தட்டையாக விரித்து, பலமாகச் சீறும். அப்போது மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு நாகத்தின் நினைவு வரும். தீவில் நாகமே கிடையாது என்பதால், நாகத்தைப் பார்த்துக் காப்பியடித்தது என்ற விளக்கம் இங்கே செல்லாது. கழுத்தைத் தட்டையாக்கித் தன்னைப் பெரிதாகக் காட்டிக்கொள்வது உலகெங்கும் பல பாம்புக் குடும்பங்களில் காணப்படும் தற்காப்பு. நாகம் அதைச் சிறப்பாகச் செய்கிறது, அவ்வளவே.

மல்லாந்து விழுந்து, வாயைத் திறந்து நாக்கைத் தொங்கவிட்டு, துர்நாற்றம் வீசும் கழிவையும் வெளியேற்றிச் செத்ததுபோல் கிடக்கும் அந்தப் புகழ்பெற்ற நாடகம் அமெரிக்க ஹெடிரோடான் பாம்புகளுக்கு உரியது. இணையத்தில் சுற்றும் காணொளிகளில் இருப்பவை அவைதான்.

எங்கே வாழ்கிறது? எப்போது வெளியே வரும்?

மத்திய உயர்நிலப் பகுதியைத் தவிர்த்துத் தீவின் பெரும்பகுதியில், கிழக்கின் மழைக்காடு முதல் மேற்கின் வறண்ட காடு வரை, பரவியுள்ளது. அடர்ந்த காட்டை மட்டுமே நம்பியிருக்கும் இனம் இல்லை. காட்டோரம், ஆற்றங்கரை, புல்வெளி, பயிரிட்ட நிலம் ஆகியவற்றிலும் வாழ்கிறது. வடமேற்கில் நோசி பே, வடகிழக்கில் அன்டொங்கில் விரிகுடாவில் உள்ள நோசி மங்காபே போன்ற சிறு தீவுகளிலும் உண்டு. கொமொரோஸ் கூட்டத்தின் பெருந்தீவிலும் இருக்கிறது. அங்கே மனிதர்கள் வழியாகப் போய்ச் சேர்ந்ததாகவே கருதப்படுகிறது.

பகலில் நடமாடும் பாம்பு இது. நவம்பர் முதல் ஏப்ரல் வரையிலான மழைக்காலத்தில் அதிகமாகக் கண்ணில் படும். வறட்சி மாதங்களில் வளைகளுக்குள் ஒதுங்கி, அரிதாகவே வெளிவரும்.

முட்டையிடுமா, குட்டி போடுமா?

முட்டையிடும். ஒரு முறைக்குப் பத்துக்கு முன்பின்னான முட்டைகளைத் தானே மண்ணுக்குள் இடுகிறது. ஏறக்குறைய இரண்டு மாதத்தில் அவை பொரிகின்றன. குஞ்சு வெளிவரும்போதே மூக்கு மேல்நோக்கித்தான் இருக்கும்.

மடகாஸ்கர் மக்கள் இதை எப்படிப் பார்க்கிறார்கள்?

மலகாசி மொழியில் இதை 'மெனரானா' என்பார்கள். ஊர்ப்புறங்களில் பாம்பு குறித்த அச்சம் தீவு முழுவதும் வலுவாக இருக்கிறது. கொல்லக்கூடிய நிலப்பாம்பே இல்லாத நாட்டில் அவ்வளவு அச்சம் இருப்பது வெளியூர்க்காரருக்கு வியப்பாகத் தோன்றும். மரத்திலிருந்து வால் முன்னாக ஈட்டிபோல் பாய்ந்து மாட்டைத் துளைத்துவிடும் என்று நம்பப்படும் 'ஃபன்ட்ரேஃபியாலா' என்னும் பாம்பைப் பற்றிய கதை ஊர் ஊராக வழங்குகிறது. அதே நேரத்தில், உயர்நிலத்தின் பெட்சிலேயோ மக்களிடையே இறந்த பெருமக்களின் உயிர் 'ஃபனனி' என்னும் பாம்பாகத் திரும்பிவரும் என்ற மரபும் உண்டு. 'ஃபடி' எனப்படும் விலக்குகள் வட்டாரத்துக்கு வட்டாரம் மாறுபடும்; சில இடங்களில் அவை பாம்பைக் காப்பாற்றுகின்றன, சில இடங்களில் பார்த்த இடத்தில் அடிக்கிறார்கள். புற்றுக்குப் பாலூற்றிவிட்டு வாசலுக்கு வந்த பாம்பை அடிக்கும் நமக்கு இதில் புரியாதது ஒன்றும் இல்லை.

வீட்டில் வளர்க்கலாமா?

ஐரோப்பா, அமெரிக்கா, ஜப்பான் ஆகிய நாடுகளின் செல்லப்பிராணிச் சந்தையில் இது விற்கப்படுகிறது. அங்கே வருபவற்றில் காட்டில் பிடிக்கப்பட்டவை கணிசம். அவற்றின் குடலில் ஒட்டுண்ணிகள் இருப்பது வழக்கம், கூண்டில் உணவெடுக்க மறுப்பதும் உண்டு. தோண்டுவதற்கு ஆழமான மண்ணும், நடமாட விரிந்த இடமும் கேட்கும் பாம்பு இது. பின்பல் நஞ்சையும் சேர்த்து எண்ணினால், புதிதாகப் பாம்பு வளர்க்க நினைப்பவருக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

தமிழ்நாட்டிலோ இலங்கையிலோ இதைப் போன்ற பாம்பு உண்டா?

இந்தப் பேரினம் மடகாஸ்கர் பகுதிக்கு மட்டுமே உரியது. ஊர்வனவற்றின் முட்டைகளைத் தேடித் தின்னும் வழக்கத்தில் ஓரளவு ஒப்பிடத்தக்கவை ஓலிகோடான் பேரினத்தின் குக்ரிப் பாம்புகள். அவை நம் பகுதியிலும் உண்டு, மனிதருக்குத் தீங்கற்றவை.

ஆனால் ஓர் எச்சரிக்கை தேவை. மூக்கு தூக்கியிருந்தால் தீங்கற்ற பாம்பு என்று முடிவு கட்டுவது தெற்காசியாவில் பேராபத்து. மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும் வாழும் ஹிப்னேல் பேரினக் குழிவிரியன்களுக்கும் மூக்கு நுனி மேல்நோக்கித் தூக்கியே இருக்கும். காய்ந்த இலைச்சருகோடு நிறம் கலந்து கிடக்கும் இந்தச் சிறிய விரியன் இலங்கையில் மிக அதிகமானோரைக் கடிக்கும் நச்சுப்பாம்புகளில் ஒன்று. சிறுநீரகப் பாதிப்பும் மரணமும் நேர்ந்திருக்கின்றன. இந்தியாவில் தயாராகும் வழக்கமான பாம்புக்கடி மருந்து இதன் நஞ்சை முறிக்காது. தேயிலைத் தோட்டங்களிலும் ரப்பர் தோட்டங்களிலும் வேலை செய்பவர்கள் இதை அறிந்திருப்பது நல்லது.

அழியும் நிலையில் உள்ளதா? தேரையால் ஆபத்து என்கிறார்களே?

பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் பட்டியலில் இது 'குறைந்த கவலைக்குரியது' என்ற நிலையில் உள்ளது. பரவல் விரிந்தது, காடு அழிந்த இடத்திலும் ஓரளவு சமாளிக்கிறது என்பவையே அதற்குக் காரணம். சாலையில் அடிபடுவதும், பயத்தால் கொல்லப்படுவதும், காட்டுத்தீயும் இருக்கின்றன. இருந்தும் இனம் முழுவதையும் உலுக்கும் அளவுக்கு அவை போகவில்லை.

தேரை வேறு கதை. 2014-இல் கிழக்குக் கடற்கரையின் பெரிய துறைமுகமான டோமசினாவின் சுற்றுப்புறத்தில் டுட்டாஃப்ரைனஸ் மெலனோஸ்டிக்டஸ் என்னும் ஆசியத் தேரை பெருகிவிட்டது தெரியவந்தது. மழை பெய்த இரவில் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் தெருவிளக்கின் கீழ் பூச்சி பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்குமே, அதே தேரையினம்தான். டோமசினாவுக்கு வந்து சேர்ந்தவற்றின் மரபணு நம் பக்கத்துத் தேரைகளோடு பொருந்தவில்லை. தென்கிழக்காசிய நிலப்பரப்பின் கம்போடிய, வியட்நாமியத் தேரைகளோடு பொருந்துகிறது. ஒரு பெண் தேரை ஒரே முறையில் ஆயிரக்கணக்கான முட்டைகளை இடுவதால், பரவிய பிறகு முற்றிலும் ஒழிப்பது நடக்கிற காரியமல்ல என்ற முடிவுக்கு வல்லுநர்கள் வந்தார்கள்.

இந்தத் தேரையின் தோலில் இதயத்தைத் தாக்கும் நஞ்சு இருக்கிறது. விலங்கு உயிரணுக்களின் சவ்வில் சோடியத்தையும் பொட்டாசியத்தையும் இடம்மாற்றும் புரதத்தோடு அது ஒட்டிக்கொண்டு அதன் வேலையை நிறுத்திவிடுகிறது. தலைமுறை தலைமுறையாகத் தேரையோடு வாழ்ந்த பாம்புகளில் அந்தப் புரதத்தின் அமைப்பு சற்றே மாறி, நஞ்சு ஒட்ட முடியாமல் போயிருக்கிறது. நம் வயல்களின் நீர்ப்பாம்பும் நாகமும் தேரையை விழுங்கிவிட்டுப் பிழைத்திருப்பதும், அமெரிக்கக் கிழக்குப் பன்றிமூக்குப் பாம்பு தேரையையே தன் முதன்மை உணவாகக் கொண்டிருப்பதும் இதனால்தான். மடகாஸ்கரில் தேரையே இருந்ததில்லை. 2018-இல் வெளிவந்த ஆய்வொன்று அத்தீவைச் சேர்ந்த 77 விலங்கினங்களில் இந்தப் புரதத்தின் மரபணுவைப் படித்தபோது, எதிர்ப்புக்கான மாற்றம் ஒரே ஒரு கொறிணியில் மட்டும் தென்பட்டது. ஆராயப்பட்ட பாம்புகள் ஒன்றிலும் அது இல்லை.

அமெரிக்கப் பெயர்ராசிக்காரன் நாள்தோறும் தின்று செரிக்கும் உணவு, அதே மூக்கை வைத்திருக்கும் மடகாஸ்கர் பாம்புக்கு உயிர்குடிக்கும் உணவாகிறது. தவளை தின்னும் பழக்கமும், ஊரோரத்தில் நடமாடும் இயல்பும் இதைத் தேரையின் நேரெதிரே கொண்டுவந்து நிறுத்துகின்றன. ஆஸ்திரேலியாவில் கரும்புத் தேரை பரவிய பகுதிகளில் பெரிய தவளை தின்னிப் பாம்புகள் சில வெகுவாகக் குறைந்தன. சிலவற்றில் தேரையைத் தவிர்க்கும் பழக்கமும், நஞ்சைத் தாங்கும் திறனும் சில பத்தாண்டுகளில் கூடின. டோமசினாவைச் சுற்றி மெனரானாவின் எண்ணிக்கையைத் தொடர்ந்து பதிவு செய்துவருவதே இவ்விரண்டில் எது இங்கே நிகழ்கிறது என்பதைக் காட்டக்கூடியது. வறண்ட மேற்கில், பல்லி முட்டைகளையே பெரிதும் நம்பியிருக்கும் கூட்டங்களுக்குத் தேரை இன்னும் தொலைவில்தான் இருக்கிறது.